இனிஷியலிலிருந்து உடற்கூறு மேசை வரை: மருத்துவம் படிக்க விரும்பும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளியில் படித்து, 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்து, 2025-இல் பயிற்சி மருத்துவத்தையும் முடித்தவள் நான். எங்கள் ஊரில் எனக்கு முன்னால் டாக்டருக்குப் படித்தவர் ஒருவரும் இல்லை. எதைக் கேட்பது, யாரைக் கேட்பது என்றே தெரியாமல் நானும் அப்பாவும் காரைக்குடிக்கும் மதுரைக்கும் அலைந்தோம். இப்போது ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒரு பிள்ளை பெற்றோருடன் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மதிப்பெண் போதாமல் இடம் கிடைக்காவிட்டால் வருத்தப்படலாம், அடுத்த ஆண்டு முயலலாம். மதிப்பெண் இருந்தும் ஒரு தாள் இல்லாததால் இடம் பறிபோவதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. அதனால் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் தாளைப் பற்றிப் பேசுகிறேன்.

பெயரை முதலில் சரிசெய்யுங்கள்

செட்டிநாட்டில் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள் ஒரு வம்சத்தையே சொல்லும். பழ., அரு., ராம., சித., மெ. என்று தந்தை பெயரும், சில வீடுகளில் ஐயாவின், அதாவது தாத்தாவின், பெயரும் சேர்ந்தே வரும். ஆவணங்களில் ஏறும்போதுதான் சிக்கல். 'பழ.' என்பதைப் பள்ளியில் ஆங்கிலத்தில் 'பி' என்று எழுதியிருப்பார்கள், ஆதாரில் 'பிஎல்' என்று இருக்கும், சாதிச் சான்றிதழிலோ 'பழனியப்பன்' என்று முழுப் பெயராக வந்திருக்கும். உமையாள், வள்ளியம்மை, மெய்யம்மை போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். சுவீகாரம் போன பிள்ளைகளுக்குத் தந்தை பெயரே ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கும்.

என் மாற்றுச் சான்றிதழில் இரண்டு இனிஷியல், ஆதாரில் ஒன்று. இடம் ஒதுக்கப்பட்டுக் கல்லூரியில் சேரப் போன அன்று சரிபார்ப்பு மேசையில் என்னை ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். சேர்வதற்கான கெடு முடிய ஒன்றரை நாள்தான் இருந்தது. அப்பா ஒரு நோட்டரி வழக்கறிஞரைத் தேடிப் பிடித்து, இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வரும்வரை நான் அந்த வராந்தாவில் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றரை நாள் யாருக்கும் வரக்கூடாது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயர்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது ஆசிரியர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். பெற்றோர் அதை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டியிருந்தால், அந்தச் சான்றிதழில் இருப்பதைப் போலவே ஆதாரை மாற்றுங்கள். நீட் விண்ணப்பத்திலும் அதே எழுத்துகள், அதே இடைவெளிகள்.

எந்தச் சான்றிதழ், எப்போது

வட்டிக்கணக்கையும் வரவு செலவையும் பேரேட்டில் வரி தவறாமல் எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். அந்தக் கவனத்தை ஒரு கோப்பில் காட்டினால் போதும். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பதினொன்றாம் வகுப்புக்குத் தந்திருந்தால் அதுவும், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, சாதிச் சான்றிதழ், ஆதார், நீட் நுழைவுச் சீட்டு, நீட் மதிப்பெண் அட்டை ஆகியவை எல்லோருக்கும் வேண்டும். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றும், உதவித்தொகைக்கு வருமானச் சான்றும் வாங்குங்கள். நீட் விண்ணப்பத்துக்கு எடுத்த புகைப்படத்தையே பத்துப் பதினைந்து பிரதி போட்டு வையுங்கள். கடைசி வரை அதே படத்தைத்தான் கேட்பார்கள்.

சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேறிப் போகும். ஜூன் மாதத்தில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகங்களில் கூட்டம் அலைமோதும். தை பிறந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

இரண்டு சான்றிதழ்களில் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள். மத்திய ஓ.பி.சி. சான்றிதழ் ஒன்று. மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு இடங்களுக்கு மட்டும்தான் செல்லும். நீட் விண்ணப்பத்திலும் அகில இந்திய ஒதுக்கீட்டிலும் ஓ.பி.சி. என்று குறிப்பிட்டால், உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற தனிச் சான்றிதழும் வேண்டும். அது அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கியதாக இருப்பது நல்லது. இதை மட்டும் தையில் வாங்காமல் ஏப்ரலில் வாங்குங்கள்.

மற்றொன்று இருப்பிடச் சான்று. ஒரு காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள் நாம். இப்போது பெங்களூரு, மும்பை, சிங்கப்பூர் என்று பரந்திருக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஏதாவது ஒரு வகுப்பை வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ படித்த பிள்ளை, தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கு இருப்பிடச் சான்றும் பெற்றோர் தொடர்பான ஆவணங்களும் காட்ட வேண்டும். ஊரில் பூட்டியிருக்கும் பூர்வீக வீட்டின் சாவி கையில் இருப்பது மட்டும் சான்றாகாது.

ஏழரை சதவீதம்: ஆறாம் வகுப்பிலேயே முடிவாகும் விஷயம்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. நான் சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு. என் பள்ளியில் எனக்குப் பின் படித்தவர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்பும் அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதியுடையவர்கள்.

நம் பகுதியில் கொடையாளர்கள் தொடங்கிய, அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. நல்ல பள்ளிகள், பல தலைமுறைகளை ஆளாக்கியவை. ஆனால் அவை இந்த ஒதுக்கீட்டுக்குள் வராது. ஒன்பதாம் வகுப்பில் பெரிய பள்ளியில் சேர்த்தால் நன்றாகப் படிப்பாள் என்று நினைத்து மாற்றிய ஒரு தாய், நான்கு ஆண்டுகள் கழித்து என் எதிரில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணுக்கு 7.5-இல் நிச்சயம் இடம் இருந்தது. எனவே பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும்கூட.

நீட்

பிப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பம், மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டித் தேர்வு என்பது வழக்கம். தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும், மேல் வயது வரம்பு இல்லை. 2025-இல் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறினால் 1 கழியும். மொத்தத்தில் பாதி உயிரியல் என்பதால், கணக்குக்குப் பயப்படும் பிள்ளைகள் அங்கே ஒரு மதிப்பெண்ணையும் விடக்கூடாது.

தமிழ்வழிப் பிள்ளைகள் விண்ணப்பத்திலேயே தமிழ் வினாத்தாளைத் தேர்ந்தெடுக்கலாம். கையில் வருவது தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலமே இறுதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. 196 மதிப்பெண் வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே தமிழில் படியுங்கள், தமிழில் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லைத் தெரிந்து வையுங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் இழைமணிக்கு எதிரே மைட்டோகாண்ட்ரியா, சவ்வூடு பரவலுக்கு எதிரே ஆஸ்மாசிஸ் என்று எழுதிக்கொண்டே போனேன். தேர்வுக்கும் உதவியது, கல்லூரியின் முதல் ஆண்டில் அதைவிட அதிகம் உதவியது.

பயிற்சி மையத்துக்காக நிலத்தையோ நகையையோ அடகு வைக்காதீர்கள். என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகமும் நம் மாநிலப் பாடநூலும், பழைய வினாத்தாள்களும் போதுமான பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒழுங்காக அமர்ந்து மாதிரித் தேர்வு எழுதிப் பழகவில்லையென்றால் எந்த மையமும் காப்பாற்றாது. ஓராண்டு நின்று மறுபடி எழுதலாம், அதில் இழுக்கு இல்லை. மூன்றாவது முறைக்குப் போகும் முன் மட்டும் பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அது யாருடைய ஆசை என்று கேளுங்கள். முடிவு வரும் நாளில் வீட்டில் ஒருவர் அவர்கள் கூடவே இருங்கள். மனம் தளர்ந்திருப்பது தெரிந்தால், 104 என்ற அரசு எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

கலந்தாய்வு: இரண்டு வாசல்கள்

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதை மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், எய்ம்ஸ், ஜிப்மர் எல்லாம் அந்த வாசல்தான். மதுரை எய்ம்ஸின் முதல் வகுப்பு 2022-இல் இராமநாதபுரத்தில் தற்காலிகமாகத் தொடங்கியது நினைவிருக்கும். மீதி 85 சதவீதத்துக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டுக்கும் மாநிலத் தேர்வுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நீட் எழுதியவுடன் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்து, மாநில விண்ணப்பத்தையே போடாமல் விட்டவர்கள் உண்டு. அது தனி விண்ணப்பம். சில நாட்கள்தான் திறந்திருக்கும்.

மாநில இடங்களில் 69 சதவீத இடஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 பொதுப் பிரிவு. அதில் எல்லாச் சமூகத்தவரும் மதிப்பெண் வரிசையில் வரலாம்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தும் இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். உங்கள் முறை வரும்போது முதல் விருப்பத்தில் இடம் இருந்தால் அதைத் தரும், இல்லையென்றால் அடுத்தது, அதற்கடுத்தது. ஆகவே கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை முதலில் போடுவதால் எந்த நட்டமும் இல்லை. கிடைக்கக்கூடியதை முதலில் போட்டுவிட்டு, விரும்பியதைக் கீழே போடுவதுதான் நட்டம். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைக் கணினி பார்க்கவே பார்க்காது. எந்த வரிசையில் உண்மையாகவே படிக்க ஆசையோ அந்த வரிசையில் எழுதுங்கள். பட்டியலைச் சுருக்காதீர்கள். சேரவே மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் விடுங்கள். முதல் சுற்றுக்குப் பின் வரும் சுற்றுகளில் இடம் ஒதுக்கப்பட்டும் சேராவிட்டால் வைப்புத்தொகை போகும், கடைசியில் விலகினால் அபராதமும் உண்டு. அந்த ஆண்டுக் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

எதை மேலே போடுவது? கட்டடத்தைப் பார்க்காதீர்கள், புறநோயாளிகள் வரிசையைப் பாருங்கள். நோயாளிகள் நிறைய வரும் மருத்துவமனையில்தான் கை பழகும். 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி அந்த வகையில் பெரிய பள்ளிக்கூடம். 2012-இல் வந்த சிவகங்கையும், 2017-இல் வந்த புதுக்கோட்டையும் நமக்குப் பக்கம், மாணவர் எண்ணிக்கை குறைவு, ஆசிரியர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இரண்டிலும் நன்மை உண்டு. பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று தயங்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்கிறேன்: பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றது 1912-இல்.

பணம்

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். விடுதி, மெஸ், புத்தகம் தனி. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல், நிர்வாக ஒதுக்கீடு பதின்மூன்று லட்சத்துக்கு மேல், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் அதிகம். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மெஸ் செலவில் ஒரு பகுதிக்கு ஆகும். இடம் வாங்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நீட் தரவரிசையும் கலந்தாய்வும் தவிர வேறு வழி கிடையாது.

வெளிநாட்டுப் படிப்புக்கும் நீட் தகுதி வேண்டும், திரும்பி வந்து 300-க்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வு இருக்கிறது. விமான டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பற்றி விசாரியுங்கள்.

உள்ளே போன பிறகு

நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு கட்டாயப் பயிற்சி. முதல் ஆண்டு உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். இரண்டாம் ஆண்டு நோயியல், மருந்தியல், நுண்ணுயிரியல். பிறகு தடயவியல் மருத்துவமும் சமூக மருத்துவமும். கடைசிப் பகுதியில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம்.

முதல் மூன்று மாதம்தான் கடினம். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்தவளுக்கு எல்லாமே ஆங்கிலத்தில் வந்து விழுந்தது. முதல் உள்தேர்வில் உடற்கூறில் தோற்றேன். புத்தியில் குறை என்று நினைத்து விடுதி மாடியில் அழுதேன். குறை மொழிப் பழக்கத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தேன். வாய்மொழித் தேர்வுக்கு அது ஒன்றுதான் வழி. புரியாததை அன்றைக்கே கேளுங்கள். மூத்த மாணவர்களிடம் எலும்புகளையும் பழைய புத்தகங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள், புதிதாக வாங்க வேண்டியது வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும்தான்.

உடற்கூறு மேசை. எல்லோரும் கேட்பது இதைப் பற்றித்தான். உள்ளே நுழைந்ததும் ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும். நீர் வழியும். மேசையில் இருப்பவர் யாரோ ஒருவருடைய அப்பாவோ அப்பத்தாவோ. மரியாதையுடன் நடத்துவேன் என்று உறுதிமொழி சொல்லிவிட்டுத்தான் கத்தியைத் தொடுவீர்கள். முதல் நாள் மயக்கம் வந்தால் வெளியே வந்து உட்காருங்கள், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். வாரம் ஒன்றுக்குள் பயம் போய் வியப்பு வரும். எனக்கு நம் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. முகப்பைத் தாண்டினால் வளவு என்ற உள்முற்றம், வளவைத் தாண்டினால் இரண்டாங்கட்டு, அதற்கப்பால் அடுப்படி. தோல், கொழுப்பு, தசை என்று ஒவ்வொரு கட்டாகக் கடந்து போகும்போது, எந்த அறைக்கு எந்த வழி, எந்த நரம்பு எந்தச் சுவரை ஒட்டிப் போகிறது என்று நினைவில் வைத்தேன். படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ததைவிட அது நின்றது.

வகுப்புக்கு 75, செய்முறைக்கு 80 சதவீத வருகை வேண்டும். கொப்புடையம்மன் திருவிழாவுக்கும் மூன்று நாள் கல்யாணத்துக்கும் பிள்ளையைக் கூப்பிடும் உறவினர்களுக்குப் பெற்றோர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டுத் தேர்வை நான்கு முயற்சிகளுக்குள் தேறியாக வேண்டும் என்பது விதி. அதனால் முதல் ஆண்டில் ஊர்ப் பயணங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டிலிருந்து வார்டு. நோயாளியிடம் பேசி வரலாறு எழுதுவதைக் 'கேஸ் எடுப்பது' என்போம். ஆங்கிலம் சரளமாக வரும் நண்பர்கள் அங்கே திணறுவார்கள், நம் பிள்ளைகள் அங்கே தலைநிமிர்வார்கள். கிறக்கமாக வருகிறது, நெஞ்சைக் கரிக்கிறது, கைகால் உளைகிறது, வயிறு பொருமுகிறது, மேலுக்குச் சுகமில்லை என்பார்கள் நோயாளிகள். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு வேறு நோய். கிறக்கம் என்றால் தலைசுற்றலா, கண் இருட்டுவதா, சோர்வா என்று அடுத்த கேள்வி கேட்கத் தெரிவது நம் அப்பத்தாக்களோடு வளர்ந்தவர்களுக்குத் தானாக வரும். எனக்குப் பின் வந்தவர்களுக்கு ஒரு கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்பு முழுவதும் தொடர்ந்து பார்க்கும் திட்டமும் இருக்கிறது. அதைக் கையெழுத்துக்காகச் செய்யாதீர்கள். ஒரு வீட்டில் சர்க்கரை நோய் எப்படிக் குடியேறுகிறது என்பதைப் புத்தகத்தைவிட அந்த வீட்டு அடுப்படி நன்றாகச் சொல்லும்.

பயிற்சி ஆண்டில் தூக்கம் குறையும். அவசரப் பிரிவு, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்று சுற்றி வருவீர்கள். ஊக்கத்தொகை வரும். அம்மாவிடம் கொடுக்கும் முதல் சம்பளம் அதுதான். முதல் மரணத்தையும் பெரும்பாலும் அந்த ஆண்டில்தான் பார்ப்பீர்கள். அன்று இரவு தனியாக இருக்காதீர்கள், கூடப் பணியில் இருப்பவரிடம் பேசுங்கள்.

பயிற்சி முடிந்ததும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், அதன் பிறகுதான் தனியாக மருந்துச் சீட்டு எழுதலாம். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு, மேற்படிப்புக்கு முதுநிலை நீட். பட்டச் சான்றிதழில் இருக்கும் பெயரே கவுன்சில் பதிவேட்டிலும் ஏறும். அதற்கான விண்ணப்பத்தை நிரப்பும்போது, பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இனிஷியலை ஒருமுறை சரிபாருங்கள்.